சனிக்கெழமை சம்பளமும் ரிமோட்டுத் தொட்டிலும்

வா கண்ணு, திண்ணைல உக்காரு. அந்தப் போனைச் சித்தெ நேரம் கவுத்தி வை. மொகம் ஏன் இப்புடி வாடிக் கெடக்குது? ஊட்டுல நல்ல சேதின்னு சொன்னாங்களே! அஞ்சாம் மாசம்னு உங்க ஆத்தா போற வார சனத்துக்கெல்லாம் கல்கண்டு குடுத்துட்டு இருக்கறா. நீ என்னடான்னா கெணத்துக்குள்ள வாளிய விட்டவனாட்டம் முழிச்சுட்டு இருக்கற.

என்னது? உன்ற பொண்டாட்டி பேறுகால லீவுல போயிட்டா ஒரு சம்பளம் நின்னு போகுமா? குடும்பம் எப்புடி ஓடும்னு வெசனமா?

சரி, படு. வெசனப்பட வேண்டாங்கல. ஆனா இன்னும் மூணு நாலு மாசம் கையில இருக்குதல்ல? எனக்கு அறுவது வருச வெள்ளாமை. ஒரு பஞ்சமாவது சொல்லீட்டு வந்திருக்குதா? "அப்பாரு, வர்ற ஆனியில இருந்து நான் வரமாட்டேன், சோளத்தக் குதிருல போட்டு வையி"ன்னு வானம் எனக்குக் கடுதாசி போட்டுச்சா? உன்ற பஞ்சத்துக்கு டாக்டரம்மா தேதியே எழுதிக் குடுத்திருக்கறாங்க. தேதி போட்டு வர்ற பஞ்சத்துக்கு அழுகறவன இப்பத்தான் சாமி பாக்கறேன்.

ஆமா, வரும்போது போன்ல என்னமோ காட்டறேன்னயே, என்ன அது? தொட்டலா? தானா ஆடுமா? ரிமோட்டு வேறயா? 9,000 ரூவாயா! ஏங் கண்ணு, சம்பளம் நிக்கப் போகுதுன்னு இப்பத்தான அழுதே? அதே வாயி, அதே போனு. ஒரு வெரலு கண்ணத் தொடைக்குது, இன்னொரு வெரலு தொட்டலு வாங்குது. புள்ள அழுதா இவன் கட்டல்ல படுத்துட்டே பட்டன அமுக்குவானாம். உங்கொப்பன நான் என்ற பொண்டாட்டி சேலைல தூளி கட்டி ஆட்டுனேன். அந்தச் சேலை ரெண்டு புள்ளைய ஆட்டிப்போட்டு, அப்பறம் பருத்தி மூட்டை கட்டறதுக்கும் ஆச்சு. உன்ற ரிமோட்டுத் தொட்டலு ஆறு மாசம் கழிச்சு எதுக்கு ஆகும்? பரணுக்கு ஆகும்.

தொட்டலு கெடக்கட்டும். கணக்குக்கு வருவோம். உன்ற பொண்டாட்டி திருப்பூருல பனியன் கம்பெனிதான? பேட்லாக் மிசின் அடிக்கறாளல்ல? எடுபிடியா, கைமடியா சேந்து டெய்லர் ஆன புள்ள. கெட்டிக்காரி. உனக்கு வாச்சது அதிர்ஷ்டந்தான். மாசம் என்ன வாங்குறா? கணக்குல 12,000, கையில 3,000. ஒன்றரை ஷிப்டு பாத்தா அதுக்கு மேல. சரியா?

இதுல எது நிக்கும், எது நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. தெரிஞ்சா இப்புடி உக்காந்திருக்க மாட்டே. அவ சம்பளத்துல மாசாமாசம் ஈஎஸ்ஐ-ன்னு புடிக்கறாங்களே, அது எதுக்குன்னு என்னிக்காவது கேட்டயா? நூறு ரூவாய்க்கு முக்கா ரூவா அவகிட்ட, மூணேகால் ரூவா மொதலாளிகிட்ட. காய்ச்சல் மாத்திரைக்குன்னு நெனச்சுட்டு இருந்தயாக்கும். பேறுகாலத்துக்கு 26 வாரம், அந்தக் கணக்குச் சம்பளம் முழுசா ஈஎஸ்ஐ-ல இருந்து வரும் கண்ணு. முழுசா. அதுக்கு முந்தி ரெண்டு பங்களிப்புக் காலத்துல எழுவது நாளைக்காவது அவ பேருல பணம் கட்டியிருக்கோணும், அவ்வளவுதான். மூணாவது புள்ளைன்னா 12 வாரந்தான். அதுக்குள்ள நீ மூணாவதுக்குப் போவாத.

இப்ப மொகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடுது. இரு, இன்னும் முடிக்கல.

அந்தக் கையில குடுக்கற 3,000 இருக்குதே, அதுக்கு ஈஎஸ்ஐ-ல ஒரு பைசா வராது. ஏன்? நோட்டுலயே இல்லாத பணத்துக்கு எவன் கணக்குக் கட்டுவான்? அன்னிக்கு என்ன சொன்னே? "அப்பாரு, கையில வாங்குனா புடித்தம் மிச்சம்"னு பெருமையாச் சொன்னயல்ல? மூவாயிரத்துக்கு ஈஎஸ்ஐ புடித்தம் எவ்வளவு தெரியுமா? 22 ரூவா 50 காசு. வருசத்துக்கு 270 ரூவா. பிஎஃப்-ன்னு புடிக்கறது எச்சுதான், ஆனா அது அவ பணமாவே அவ பேருல கெடக்கும், மொதலாளி பங்கும் கூடச் சேரும். ஆக 270 ரூவாய மிச்சம் புடிச்சு, ஆறு மாசத்துக்கு 18,000 ரூவாய விட்டுப்போட்டு வந்து நிக்கற. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னாங்க பெரியவங்க. நீ அளக்காம கெணத்துல போட்டுருக்கற.

இன்னொண்ணு. அவ கம்பெனி மாறி மாறிப் போனாளல்ல? பீஸுக்கு நாலணா எச்சுன்னா அடுத்த தெருவு கம்பெனிக்குத் தாவறதுதான உங்க ஊரு வழக்கம்? போற எடத்துலயெல்லாம் புதுசா ஒரு ஈஎஸ்ஐ நம்பரு போட்டிருப்பாங்க. ரெண்டு நம்பருல பணம் செதறிக் கெடந்தா, கேக்கற நேரத்துல எழுவது நாள் ஒரு எடத்துல சேராது. இப்பவே கிளை ஆபீசுக்குப் போயி ஒண்ணாக்கிப் போடு. வயித்த வலிக்கற அன்னிக்கு நம்பரத் தேடிட்டு நிக்காத.

பணம் வருது, சரி. ஆனா எப்ப வரும்? அதுதான் சூச்சுமம். திருப்பூரே சனிக்கெழமைல ஓடற ஊரு. சனிக்கெழமை சம்பளம், சனிக்கெழமை மளிகை, சனிக்கெழமை கறி, சனிக்கெழமை கடங்காரன். ஈஎஸ்ஐக்குச் சனிக்கெழமையும் தெரியாது, ஞாயித்துக்கெழமையும் தெரியாது. சீட்டுக் குடுத்து, எழுதிக் குடுத்து, பாங்குல ஏறும்போது ஏறும். பணம் வராம ஒரு குடும்பமும் அழிஞ்சதில்ல கண்ணு. வரவேண்டிய நாளைக்கு வரலைன்னுதான் தண்டல்காரன்கிட்டப் போயி நிக்கறது. அதனால இந்த நாலு மாசத்துல ஏழெட்டுச் சனிக்கெழமைக்கு உண்டான சோத்துச் செலவ மட்டும் தனியா எடுத்து வை. பீரோவுல வேண்டாம், உனக்குச் சாவி தெரியும். அவகிட்டக் குடு.

ஐடி கம்பெனிக்குப் போற உன்ற சிநேகிதன் ஒருத்தன் இருக்கறானே, அவன் பொண்டாட்டியும் முழுகாமத்தான இருக்கறா? அவளுக்கு 21,000-க்கு மேல சம்பளம், ஈஎஸ்ஐ கெடையாது. அவளாட்டம் இருக்கறவங்களுக்குன்னு 1961-லயே பேறுகாலச் சட்டம் போட்டாங்க. முன்ன 12 வாரந்தான். 2017-ல 26 ஆக்குனாங்க. பேறுக்கு முந்துன வருசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தாச் சரி. கம்பெனிக்காரனே முழுச் சம்பளம் குடுக்கோணும். பேறுக்கு முந்துன காலத்துச் சம்பளத்த முன்னாடியே குடுக்கோணும், மிச்சத்தப் புள்ள பொறந்த அத்தாட்சி காட்டுன 48 மணி நேரத்துல குடுக்கோணும்னு அந்தச் சட்டத்துல எழுதி வெச்சிருந்தாங்க. எத்தன பேரு வாங்குனாங்க? கேட்டவங்க வாங்குனாங்க. இங்கிலீசுல நாலு பக்கம் மெயில் எழுதத் தெரிஞ்ச புள்ளைக, "எனக்கு வரவேண்டிய காசு எங்க?"ன்னு ஒரு வரி எழுதக் கூச்சப்படுது. அழுத புள்ளதான் பால் குடிக்கும். பெத்தவளுக்கும் அதே சட்டந்தான்.

கவர்மெண்டு உத்தியோகம்னா சொல்ல வேண்டியதே இல்ல. நம்ம தமிழ்நாட்டுல 2021-ல இருந்து முழுசா ஒரு வருசம், சம்பளத்தோட. அதுக்குத்தான் பொண்ணுக்கு வாத்தியார் வேலை கெடச்சா ஊரே கெடா வெட்டுது. அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் வெளிய நிக்கறவளுக்கு என்னன்னு கேளு. காட்டுல களை எடுக்கறவளுக்கு 26 வாரமும் இல்ல, 26 நாளும் இல்ல. உங்க ஆத்தா புள்ள பெத்த இருவதாம் நாளு மொளகா பறிக்கப் போனா. அதைப் பெருமையா நான் சொன்னதே இல்ல. கதியில்லாமப் போனா. "எங்க காலத்துல இப்புடியா லீவு போட்டோம்"னு எவனாவது கெழவன் உன்ற பொண்டாட்டிகிட்டச் சொன்னா, அந்தக் கெழவன் களை வெட்டல, திண்ணைல இருந்தான்னு தெரிஞ்சுக்க. எனக்குத் தெரியும். நான்தான் இருந்தேன்.

அப்பறம் இன்னொரு 18,000 இருக்குது. முத்துலட்சுமி ரெட்டி பேருல அரசாங்கம் குடுக்கறது. அந்தம்மா யாருன்னு தெரியுமா? புதுக்கோட்டைக்காரம்மா. 1912-லயே டாக்டருக்குப் படிச்சு முடிச்சாங்க. உன்ற மாமன் மகன் இன்னும் பன்னண்டாவது முடிக்கல. 14,000 பணமா, பாக்கி 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பொட்டி. ஏழைக் குடும்பமா இருக்கோணும், ரெண்டு பேறு வரைக்குந்தான். நர்சம்மாகிட்டப் பதிஞ்சு பிக்மி நம்பர் வாங்கியாச்சா? ஆச்சா? அதையாவது செஞ்சயே. இல்ல, அவளே போயிப் பதிஞ்சாளா? அதான பாத்தேன்.

"அப்பாரு, அந்தப் பொட்டிய வாங்க லைன்ல நிக்கறது கௌரவக் கொறச்சலா இருக்குது"ங்கற. யாருக்குக் கொறச்சல்? நீ வண்டி வாங்கறப்ப டியூ போட்டவன்கிட்ட அப்பன் பேரு, பாட்டன் பேரு, சாதகம் வரைக்கும் குடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டயே, அப்ப எங்க போச்சு அந்தக் கௌரவம்? கடன் வாங்கறதுக்கு லைன்ல நின்னா கெத்து, உனக்குன்னு ஒதுக்குனத வாங்கறதுக்கு நின்னா அவமானம். நல்ல நாயம்.

வயிறு தெரிய ஆரம்பிச்சதும் போட்டோ எடுக்கோணும்னு கேட்டாளா? இல்ல, நீ கேட்டயா? நீதான. தெரியும். மலையடிவாரத்துல, அருவிக்கிட்ட, தரையில இழுபடற கவுனு, பக்கத்துல நீ கோட்டு போட்டு வயித்துல காது வெச்சுக் கேக்கறது. 25,000 ரூவா. உள்ள இருக்கறவன் என்ன சொல்லுவான்? "அப்பா, பால் காசு எங்க?"ம்பான். எங்க காலத்துல மறைச்சாங்க, உங்க காலத்துல காட்டறீங்க. அது உங்க இஷ்டம், நான் குத்தஞ் சொல்லல. உன்ற தம்பிகிட்டப் போன் இருக்குது, நம்ம வேலியோரத்துல ஆவாரம்பூ இருக்குது, பொழுதோட வெயிலு தங்கமாட்டம் அடிக்குது. எடுத்துக்க. ரெண்டு பேரும் சிரிச்சாச் சரி. அதுக்கு எதுக்கு அருவி?

கட்டுச்சோறு விருந்துக்கு மண்டபம் புடிச்சாச்சாமே? கட்டுச்சோறுன்னா என்ன? பொண்ணு ஊட்டுக்காரங்க அஞ்சு வகைச் சோறு கெளறிப் போசில கட்டீட்டு வந்து, புள்ளத்தாச்சிக்கு ஊட்டி, வளையல் போட்டுக் கூட்டீட்டுப் போறது. வாசல்ல ரெண்டு பந்தி போட்டா முடிஞ்சுது. இப்ப என்னடான்னா பலூன்ல வளைவு, இங்கிலீசுல எழுத்து, ஐஸ்கிரீம் ஸ்டாலு. வந்தவங்க மொய் வெப்பாங்க, அதுல சமாளிச்சுக்கலாம்னு உங்கொப்பன் சொல்றான். மொய்யி வரவு இல்ல கண்ணு, அது வட்டியில்லாத கடன். நோட்டுல எழுதி வெச்சிருப்பான். நீ ஈஎஸ்ஐ பணத்துக்கு வழி பாத்துட்டு இருக்கற மாசத்துலதான் அவனுங்க ஊட்டுல காதுகுத்து வரும்.

ஆசுபத்திரிக்கு வருவோம். எந்த ஆசுபத்திரின்னு கேட்டா "பேக்கேஜு"ங்கற. சாதா ரூம், டீலக்ஸ் ரூம், சூட்டு ரூம், வந்தவங்களுக்குச் சோபா, டிவி. நீ புள்ள பெத்துக்கப் போறயா, ஊட்டிக்குப் போறயா? ஈஎஸ்ஐ-ல பணம் மட்டுமில்ல, வைத்தியமும் சேத்தித்தான் புடிச்சாங்க. கவர்மெண்டு ஆசுபத்திரில பேறு பாக்கக் காசு கெடையாது. பெத்தவளையும் புள்ளையையும் ஊட்டுல கொண்டாந்து வுடறதுக்கு 102-ன்னு வண்டி கூட இருக்குது. போயிப் பாரு, நர்சம்மாகிட்டக் கேளு, மனசுக்குப் புடிச்சாச் சேரு. ஆனா ஒண்ணு. டாக்டரம்மா "இது ஆபத்து, பெரிய எடத்துக்குக் கொண்டு போங்க"ன்னு சொன்னா, அந்த நிமிசம் கணக்கு நோட்ட மூடிரு. தொட்டலுக்குத்தான் கஞ்சத்தனம். உசுருக்கு இல்ல.

பொறந்த பொறவு ஒரு கூட்டம் வரும். புள்ளையக் கூடைக்குள்ள படுக்க வெச்சு, தலைக்குக் காது வெச்ச தொப்பி போட்டுப் போட்டோ எடுக்கறவங்க. சந்தைக்குப் போற கோழியாட்டம் இருக்கும், பாத்திருக்கறேன். அப்பறம் மாசாமாசம் பொறந்தநாளு. பல்லே மொளைக்காதவனுக்குக் கேக்கு. யாரு திங்கறது? நீ. அப்ப அது உன்ற பொறந்தநாளுன்னு சொல்லு.

அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டாச் செலவு நின்னுரும்னு ஒரு நெனப்பு உன்ற மண்டைல ஓடுதல்ல? கண்ணுலயே தெரியுது. செலவு நிக்காது சாமி, எடம் மாறும். உன்ற மாமனாருக்கு ரெண்டு ஏக்கரு, அதுலயும் ஒரு ஏக்கரு ஓட்டாங்கரடு. தலைப் பேறுக்கு அவரு செய்யறது மொறைதான். மொறைன்னா அவரு நகைய அடகு வெச்சுச் செய்யோணும்னு எவன் எழுதி வெச்சான்? நீயே போயி, "மாமா, அரைஞாண் கொடி வெள்ளில போதும், பால் காசு நான் தாரேன்"னு சொல்லிப் பாரு. அப்பறம் அந்த ஊட்டுல உனக்கு விழற சோத்துல நெய்யி எச்சா இருக்குதான்னு பாரு.

நம்ம பக்கம் பெத்தவளுக்குச் செலவு ரசம் வெப்பாங்க, தெரியுமல்ல? மொளகு, சீரகம், மல்லி, சுக்கு, திப்பிலி, சித்தரத்தை. நாட்டு மருந்துக் கடைல "ஒரு செலவு கட்டுங்க"ன்னா பொட்டலம் போட்டுக் குடுப்பான். நம்ம ஊருல செலவுன்னா அந்தப் பொட்டலந்தான். கொஞ்சங்காசு, ஒரு வாரத்துக்கு ரசம். உங்க ஊருல செலவுன்னா ஆன்லைன்ல "தாய்மாருக்கான பவுடர்"னு டப்பா வருது. தொறந்து மோந்து பாத்தேன். உள்ள அதே சுக்குதான். டப்பாவுல பொம்பளை படம் மட்டும் எச்சு. கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, ராகிக்களி, நாட்டுக்கோழி முட்டை, தோட்டத்துல இருந்து நான் குடுத்து வுடறேன். புள்ளைக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் போதும், தண்ணி கூட வேண்டாங்கறாங்க டாக்டருங்க. பால் ஊறலைன்னா டாக்டரம்மா சொல்ற பவுடர வாங்கு. அதுக்குக் கணக்குப் பாத்து அந்தப் புள்ளையக் கண்ணு கலங்க வெச்சயோ, தடி எடுத்துட்டு வந்துருவேன்.

சரி, உன்ற கணக்கச் சொல்லு. 18,000 சம்பளம். வாடகை 5,000. வண்டி டியூ 3,400. போனு டியூ 1,850. சீட்டு 2,000. மிச்சம்? 5,750. இதுல சோறு, கரண்டு, பாலு, மருந்து. இறுக்கந்தான், இல்லைங்கல. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சே. பேக்கரி? காலைல ஒரு டீ, பத்து மணிக்கு டீயும் பப்ஸும், பொழுதோட டீயும் போண்டாவும், அப்பறம் சிநேகிதனுங்களோட சனிக்கெழமை ராத்திரி "சும்மா" ஒரு சிட்டிங். அதைச் சொல்லல? போன மாசம் எவ்வளவு ஆச்சு? 2,600 ஆச்சா! வாய் கூசாமச் சொன்னயே, அந்த மட்டுக்கு நல்லவன். அவ ஆறு மாசம் புள்ளையோட ராத்திரி நாலு வாட்டி எந்திரிப்பா, அதுக்குப் பேரு "சும்மா இருக்கறா". நீ சும்மா உக்காந்து 2,600 செலவு பண்ணுவே, அதுக்குப் பேரு என்ன?

சீட்ட நிறுத்தாத. வாரக் கடன், குழுக் கடன்னு எவனாவது வாசல்ல வந்து நின்னா, வெள்ளிக்கெழமை நல்ல நாளுன்னு சொல்லி மோரு குடுத்து அனுப்பு. கையெழுத்து மட்டும் போடாத. அவளைக் கூட்டீட்டு வந்து போடச் சொன்னா அதுக்கும் வுடாத. பேறுகாலத்துல வாங்குன வாரக் கடனக் கட்டறதுக்குன்னே பச்சப்புள்ளைய விட்டுட்டு மூணாம் மாசம் ஓவர்லாக்குக்கு ஓடுன புள்ளைக எத்தனையோ.

அப்பறம் அந்த 26 வாரம் முடியறது. எல்லாரும் அதோட கணக்க முடிச்சுருவாங்க. அங்கதான் கண்ணு நெசமான பஞ்சம். புள்ளைக்கு ஆறு மாசம், பாக்க ஆளில்ல. உங்கம்மாவுக்கு முட்டிவலி, அவங்கம்மாவுக்குக் கறவை மாடு. அவ வேலைக்குப் போகாம நின்னா, அதுக்கு ஈஎஸ்ஐயும் இல்ல, சட்டமும் இல்ல. அம்பது பேரு, அதுக்கு மேல வேலை பாக்கற எடத்துல புள்ளைகளப் பாத்துக்கக் காப்பகம் இருக்கோணும், பெத்தவ நாளைக்கு நாலு வாட்டி போயிப் பாத்துக்கலாம்னு அந்த 2017 திருத்தத்துலயே சேத்துனாங்க. அவ கம்பெனில எத்தன பேரு? முந்நூறா? காப்பகம் எங்க? "ஒரு ரூம்பு இருக்குது, அதுல அட்டைப் பொட்டி அடுக்கியிருக்கறாங்க"ங்கற. இப்பவே போயிக் கேளுங்க, ஒருத்தியாப் போகாம பத்துப் பேராப் போங்க. அட்டைப் பொட்டிக்கு இருக்கற எடம் புள்ளைக்கு இல்லையான்னு கேக்கறதுக்கு வக்கீலு வேண்டாம்.

பொழுது எறங்குது. ஆத்தா உள்ள ஒப்பிட்டு சுட்டுட்டு இருக்கறா, ரெண்டு தின்னுட்டு, அவளுக்கு நாலு கட்டி எடுத்துட்டுப் போ. அடுத்த ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வாங்க, ஒக்காந்து எழுதிருவோம். சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ அட்டை, ஒரு நாப்பது பக்க நோட்டு, பேனா. என்னது, போன்லயே கணக்குப் போட்டுக்கலாமா? வேண்டாஞ் சாமி. பாதிக் கணக்குல எவனாவது தொட்டலு விக்க வந்துருவான்.